ஒரு ஜர்னல் பியர் ரிவ்யூ ஆனதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட பியர் ரிவ்யூ ஆன ஜர்னல்களை (கட்டுரைகளை வெளியிடும் முன் அதே துறை நிபுணர்களிடம் கொடுத்துச் சரிபார்ப்பவை) மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார், எங்கே பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூகுள் ஸ்காலரில் தேடினால் தீசிஸ், மாநாட்டுச் சுருக்கம், ப்ரீப்ரிண்ட் (ரிவ்யூவுக்கு முன்பே பொதுவில் போடும் கட்டுரை வடிவம்) எல்லாம் கலந்துதான் வரும். பியர் ரிவ்யூ ஆனதை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி அதில் கிடையாது. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். அது தொடர் வெளியீட்டுக்கான எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். சினிமா பத்திரிகைக்கும் கிடைக்கும்.

ஆனால் தேடுவதற்கு அந்த எண்ணே நல்லது. ஒரே பெயரில், அல்லது முன்னால் ஒரு 'இன்டர்நேஷனல்' மட்டும் கூடுதலாக, இரண்டு மூன்று ஜர்னல்கள் இருக்கும். பெயரைப் போட்டுத் தேடினால் குழம்பிவிடும். உங்கள் நூலகத்துக்கு அல்ரிக்ஸ்வெப் என்ற ஜர்னல் விவரத் தளத்தின் சந்தா இருந்தால் அதில் எண்ணைப் போடுங்கள். நடுவர் சட்டை போன்ற குட்டி ஐகான் பக்கத்தில் வந்தால் அது 'ரெஃப்ரீட்', அதாவது பியர் ரிவ்யூ உள்ள ஜர்னல். சந்தா இல்லையென்றால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸின் சோர்ஸ் பட்டியல், கிளாரிவேட் நிறுவனத்தின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட், ஓப்பன் அக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னல்களுக்கு டிஓஏஜே என்ற பட்டியல் ஆகியவற்றை இலவசமாகவே பார்க்கலாம். ஸ்கோபஸில் கவரேஜ் ஆண்டுகளையும், அதாவது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்த ஜர்னல் சேர்க்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். எப்போதோ பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஜர்னல், தன் தளத்தில் இன்னும் 'ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு' என்று போட்டுக்கொண்டிருக்கும். ஜர்னலின் தளத்துக்கும் அந்தப் பட்டியல்களில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். நல்ல ஜர்னலின் பெயரையும் ஐஎஸ்எஸ்என்னையும் திருடி நடத்தும் போலித் தளங்கள் உண்டு.

பட்டியலில் இருப்பதே போதுமா? 2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்திய போலிக் கட்டுரையை 304 ஓப்பன் அக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. டிஓஏஜேயில் இருந்தவையும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டே டிஓஏஜே விதிகளை இறுக்கி, பட்டியலில் இருந்த ஜர்னல்களை மறுபடி விண்ணப்பிக்க வைத்தது. அதனால் ஜர்னல் தளத்தில் ரிவ்யூ முறை என்ன, எத்தனை ரிவ்யூவர்கள், ஆசிரியர் குழுவில் யார் யார் என்பதையும் படித்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். ஜர்னல் ரெஃப்ரீட் என்றால் அதில் வரும் எல்லாமே ரிவ்யூ ஆனது என்று அர்த்தமில்லை. தலையங்கம், புத்தக விமர்சனம், செய்திப் பகுதி ஆகியவை பொதுவாக ரிவ்யூவுக்குப் போவதில்லை. 'நேச்சர்' இதழின் செய்திப் பக்கமும் அப்படித்தான். டேட்டாபேஸில் 'பியர் ரிவ்யூட்' பெட்டியை டிக் செய்தாலும் பெரும்பாலும் ஜர்னலைத்தான் வடிகட்டும், கட்டுரையை அல்ல. எனவே பிடிஎஃப்பின் முதல் பக்கத்தையோ கடைசிப் பக்கத்தையோ பாருங்கள்: 'ரிசீவ்டு', 'ரிவைஸ்டு', 'அக்செப்டட்' என்று தேதிகள் இருக்கும். ரிசீவ்டு 3 மார்ச், அக்செப்டட் 6 மார்ச் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்று நாளில் இரண்டு பேர் படித்து, குறை சொல்லி, கட்டுரையை எழுதியவர் திருத்தி முடிப்பது லேசில் நடக்காது. தேதியே போடாத நல்ல ஜர்னல்களும் உண்டு, அதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ப்ரீப்ரிண்ட்கள் போடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் கிடைத்த கட்டுரையாக இருந்தால், அந்தப் பக்கத்தில் 'ஜர்னல் ரெஃபரன்ஸ்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஜர்னல் பதிப்பைத் தேடி எடுத்து அதையே மேற்கோள் காட்டுங்கள். ரிவ்யூவில் எண்களும் முடிவுகளும் மாறியிருக்கலாம்.