ரிசார்ட்டிலும் தீம் பார்க்கிலும் செடி நட எதற்கு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்?

"நர்சரிக்காரரே லாரியில் கொண்டுவந்து நட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார், அதற்கு மேல் படம் வரைய ஒரு ஆளுக்குத் தனியாக ஃபீஸா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற தோரணையைப் பார்த்தால் நீங்கள் ரிசார்ட் கட்டுகிறவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பி.ஆர்க் கடைசி வருடம், அடுத்து லேண்ட்ஸ்கேப் படிக்கலாமா என்று யோசிக்கிறீர்கள், வீட்டில் அப்பா முறைக்கிறார். இரண்டாவது என்றே வைத்துக்கொள்கிறேன். என் அப்பாவும் முறைத்தவர்தான். சொந்தக்காரர் கல்யாணங்களில் இன்றைக்கும் "பையன் கார்டனிங் பண்றான்" என்றுதான் அறிமுகம்.

செடி நட ஆர்க்கிடெக்ட் தேவையே இல்லை. எங்கள் மேஸ்திரி என்னைவிட நன்றாக நடுவார். எதை எங்கே நடக்கூடாது, நட்டது ஐந்து வருடம் கழித்து எவ்வளவு உயரம் அகலம் போகும், அப்போது அதன் நிழல் யார் தலையில் விழும், வேர் எந்தக் குழாயில் போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் காசு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் தாண்டி ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம். கடலைப் பார்த்த இடம், வெறும் மணல், பின்னால் பழைய சவுக்குத் தோப்பு. உரிமையாளர் வெளிநாட்டில் எங்கோ எடுத்த படத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஃபாக்ஸ்டெயில் என்கிற அலங்காரப் பனை, கீழே வாழை மாதிரி அகல இலை விடும் ஹெலிகோனியா, நடுவே நீச்சல்குளம், அதற்கப்புறம் கடல். "தம்பி, ரூம் கதவைத் திறந்தா இது தெரியணும்."

நான் வரைந்தது வேறு. கடலை ஒட்டி மணலைப் பிடித்துக்கொள்ள அடம்பங்கொடி, அதன் பின்னால் தாழை, பின்னால் பூவரசும் புன்னையும் அடர்த்தியாக ஒரு வரிசை. காற்று அதன் மேலேறிப் போய்விட்ட பிறகு, உள்ளே அவர் கேட்ட அலங்காரமெல்லாம். அறைகளுக்கு நேரே மட்டும் வரிசையில் இடைவெளி விட்டிருந்தேன், கடல் தெரிய. இதில் என் மூளை ஒன்றும் இல்லை. நெய்தல் நிலத்துக்குப் புன்னையும் தாழையும் அடும்பும் (நம் அடம்பங்கொடிதான்) என்று சங்கப் பாட்டுக்காரர்கள் எப்போதோ பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உப்புக் காற்றில் தலைமுறை தலைமுறையாக நிற்கும் மரங்கள்தான் பாட்டில் வந்திருக்கின்றன.

செலவு குறைக்கும் கூட்டத்தில் முதலில் அடிபட்டது அந்த வரிசைதான். "தம்பி, பூவரசு எங்க ஊர்ல வேலியில நிக்குது. இதைப் பார்க்கவா ஒரு ராத்திரிக்குப் பதினஞ்சாயிரம் குடுத்து வருவான்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், என் ஆட்சேபத்தை எழுதி மெயில் போட்டேன். (கமெண்டில் வந்து "அப்போதே வேலையை விட்டிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஆபீஸ் நடத்திப் பாருங்கள்.)

ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கம் நர்சரிகளுக்குப் பேர்போன கடியத்திலிருந்து, அவர் கேட்ட பனைகள் லாரி லாரியாக வந்து இறங்கின. ஓலைகளை மேலே சேர்த்துக் கட்டி, அடி மண்ணைச் சாக்கில் சுற்றி, ஆளுயரத்துக்கு மேல் மரங்கள். செம்மண் கொட்டி, தொழு உரம் போட்டு, சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, ராத்திரியெல்லாம் ஃபோகஸ் லைட்டில் நட்டோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அசந்து போனார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

வடகிழக்குக் காற்று ஆரம்பித்ததும் தெரிந்தது. பனைகளில் கடல் பக்கத்து ஓலைகள் மட்டும் நுனியிலிருந்து பழுப்பேறின. பின்பக்கம் பச்சை. ஹெலிகோனியா இலைகள் நரம்போடு கிழிந்து நார் நாராகத் தொங்கின. உடனே நர்சரிக்காரர் மீது பழி, அவர் "தண்ணி பத்தல" என்றார், ரிசார்ட்காரர்கள் குழாயைத் திறந்து விட்டார்கள். அந்த போர்வெல் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி நான் முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தேன். மேலே உப்புக் காற்று, கீழே உப்புத் தண்ணீர். வேரை வெட்டிப் பெயர்த்துக் கொண்டுவந்த மரம், புது வேர் விடுவதற்குள் இரண்டையும் எப்படித் தாங்கும்?

நோய், பூச்சி, உரம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த பக்கத்துக் குப்பத்து அக்கா ஒருவர், கையிலிருந்த ஓலைத் துண்டை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரிக்குது சார்" என்றார். நானும் தொட்டேன். ஊறுகாய் மாதிரி உப்பாக இருந்தது. உரிமையாளரிடம் நீட்டினேன், அவர் நாக்கில் வைக்கவில்லை.

செத்தவற்றை மாற்றினார்கள், மாற்றியவையும் வாடின. மூன்றாவது தடவை பில்லைப் பார்த்த பிறகுதான் புன்னை வரிசை மீண்டும் டிராயிங்கில் ஏறியது. நட்டது சின்னக் கன்றுகள். சின்னக் கன்றுதான் அந்த மணலில் சீக்கிரம் பிடிக்கும், இதையும் நம்ப மாட்டார்கள். இப்போது அது தழைத்து நிற்கிறது, பின்னால் எல்லாம் பச்சை. "பாரம்பரியப் புன்னை மரங்களின் நிழலில் உங்கள் திருமணம்" என்று அவர்கள் விளம்பரமே வருகிறது. பத்திரிகையில் நாலு பக்கப் படம் போட்டு இன்டீரியர் டிசைனர் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். என் பெயர் இல்லை. கடைசித் தவணையும் இல்லை.

பனை மரமே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டுச் செடிக்கும் நான் எதிரி இல்லை. காற்று மறைப்பில் ஃபாக்ஸ்டெயில் நன்றாகவே வரும்.

தீம் பார்க் இன்னொரு விதம். அங்கே செடியைப் பார்க்க யாரும் வருவதில்லை, ஆனால் மே மாத வெயிலில் ரைடுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு மேலே மரம் இல்லையென்றால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். அந்த வரிசைக்கு எந்த மரம்? நாவல் என்றால் பழம் விழுந்து தரை வழுக்கும், துணி கறையாகும். தென்னை என்றால் யார் தலையிலாவது காய் விழும். காகிதப்பூ முள் குழந்தையின் கண் உயரத்தில் நிற்கும். அரளியைச் சொல்லாத ஆள் கிடையாது: எப்போதும் பூக்கும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு தொடாது. ஆடு தொடாததற்குக் காரணம் இருக்கிறதல்லவா? செடி முழுக்க விஷம். ஓர் இடத்தில் குழந்தைகள் விளையாடும் பகுதிக்கு அதைத்தான் நர்சரியில் நடவுத் திட்டமாக, "ஸ்கீமாக", எழுதிக் கொடுத்திருந்தார்கள். நீச்சல்குளத்து ஓரம் வேம்பு வைத்தால் இலையுதிர் காலத்தில் ஃபில்டர் அடைக்கும். ஆல், அத்தி வகையைக் குளத்துச் சுவர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

"அமெரிக்காவில் டிஸ்னி என்ன படித்தவரை வைத்தா செய்தார்?" என்று ஒருவர் என்னிடம் மடக்கினார். சரி, பார்ப்போம். 1955-இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டின் செடி வேலை பில் எவன்ஸுடையது. நர்சரிக் குடும்பத்து ஆள், அதற்கு முன் வால்ட் டிஸ்னியின் வீட்டுத் தோட்டத்தைச் செய்தவர். ஆரஞ்சுத் தோப்பாக இருந்த நிலம் அது. பிடுங்கிய ஆரஞ்சு மரங்கள் சிலவற்றைத் தலைகீழாக நட்டு, வேர்களைக் காட்டுக் கிளைகளாக்கி, அங்கே காட்டுப் படகு சவாரியில் போகிறவர்களை ஏமாற்றினார். பார்க்கைச் சுற்றி மண்மேடு எழுப்பி மரம் வைத்தார்கள், உள்ளே இருப்பவருக்கு வெளியூர் தெரியக்கூடாது என்று. பணம் தீர்ந்துபோன இடத்தில் தானாக முளைத்த களைகளுக்கு லத்தீன் பெயர்ப் பலகை வைத்துச் சமாளித்த கதையும் உண்டு. பிறகு புளோரிடாவின் டிஸ்னி பார்க்குக்காகப் பெரிய ஓக் மரம் ஒன்றை இடம் மாற்றியபோது, கயிறு கட்டித் தூக்கினால் பட்டை உரியும் என்று தண்டின் குறுக்கே துளையிட்டு இரும்புத் தண்டு செருகித் தூக்கினார்கள். இதெல்லாம் "செடி நடுவது" என்றால் நடுவதுதான். பட்டம் முக்கியம் என்று நானும் சொல்லவில்லை, எவன்ஸ் அளவுக்குச் செடியைத் தெரிந்தவர் கிடைத்தால் தாராளமாக அவரிடமே கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் அடுக்ககத்தில் ஒரு புங்க மரம் இருந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் தெருவே கவிழ்ந்தது, தூங்குமூஞ்சியும் குல்மோஹரும் வேரோடு சாய்ந்தன, அது நின்றது. போன வருடம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "கார் மேலே பூ கொட்டுது" என்று தீர்மானம் போட்டு வெட்டிவிட்டார்கள். அதே செயலாளர் மறுவாரம் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்க லேண்ட்ஸ்கேப்தானே, பார்க்கிங்ல ரொம்ப வெக்கையா இருக்கு, ஏதாவது ஐடியா குடுங்க" என்றார். இலவசமாகத்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், ஆனால் லீவு நாளில் நர்சரியைவிட பழைய ரிசார்ட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். நட்டுப் பத்து வருடம் ஆன இடம்தான் பாடம். வேலைக்கு வந்த பிறகு, திறந்த பின் ஒரு வருடம் போய்ப் பார்ப்பதற்குத் தனி ஃபீஸ் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைத் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் கேளுங்கள். ரிப்பன் வெட்டிய பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.