சீனாக்காரர் கதை நமக்கு எதற்கு?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். இன்னும் எச்1பி விசாதான். மகள் (வயது 10) இங்கேயே பிறந்தவள். பள்ளியில் மே மாதம் ஆசியப் பாரம்பரிய மாதம் கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் குறுக்கே ரயில்பாதை போட்ட சீனத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசப்போகிறாளாம். "நமக்கும் சீனாக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் பரதநாட்டியம் ஆடச் சொல்" என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: அவள் இஷ்டப்படி பேசட்டும், சகோதரி. நாட்டியத்தை நவராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கொண்டாட்டம் மே மாதத்தில் வருவதற்கே அந்த ரயில்பாதை ஒரு காரணம். 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்குத் தண்டவாளமும் மேற்குத் தண்டவாளமும் இணைந்தன. மேற்குப் பக்கம் சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தேநீராகவே குடித்ததால், மற்றவர்களைப் படுக்கவைத்த வயிற்றுப்போக்கு இவர்களை அவ்வளவாக அண்டவில்லை. 1867-ல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி சாப்பாட்டுச் சாமான்களை நிறுத்திப் பணியவைத்தது. அப்புறம் 1882-ல், சீனத் தொழிலாளர் யாரும் இனி உள்ளே வரக்கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். வோங் கிம் ஆர்க் என்றொரு சமையல்காரர், சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியவரை, "நீ இந்த நாட்டுக் குடிமகன் இல்லை" என்று கரையில் இறங்கவிடாமல் மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். மனிதர் விடவில்லை, வழக்குப் போட்டார். பெற்றோர் குடியுரிமை பெற முடியாத சீனர்களே ஆனாலும், இங்கே குடியிருந்தபோது பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன்தான் என்று 1898-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாவில் இருக்கும் உங்கள் வீட்டில் மகளுக்கு மட்டும் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறதே, அதற்கு வழிவிட்டது அந்தச் சமையல்காரரின் வழக்கு. கணவரிடம் பீரோவைத் திறந்து அதை எடுத்துக் காட்டுங்கள்.

நம் ஊர்க்காரர்களும் இதில் தப்பவில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்துக்கே 1923-ல் குடியுரிமை இல்லை என்றாயிற்று. 1946-ல் இந்தியர்களுக்குக் கதவு திறந்தது; அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கு! 1965-ல் வந்த குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் உங்களைப் போன்றவர்கள் பெட்டியைக் கட்ட முடிந்தது.

பேச்சில் தேதிகளைக் குறைத்து, தேநீர்க் கதையை முதலில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்க் தேநீரும் கொடுத்தனுப்பலாம். ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில பள்ளிகளில் அனுமதிக்க மாட்டார்கள்.