மாரிமழையும் மின்கம்பியும்: லைன் வேலைக்காரர் ஒருவரிடம் கேட்டவை

மின்விநியோக லைன்களில் வேலை செய்பவன் நான். அதற்கு முன்னர் இராணுவத்தின் பொறியியல் பிரிவில் இருந்தேன். மாரியில் வெள்ளம் ஏறினால் எங்கள் ஊர் அனர்த்த முகாமைத்துவக் குழுவோடு தொண்டனாக இறங்குவதுண்டு. விழுந்த கம்பி, வீட்டு மின்சாரம், வெள்ளகாலப் பாதுகாப்பு ஆகியவை பற்றிக் கேட்கலாம். அலுவலகத்தின் சார்பில் நான் பேசவில்லை என்பதால், பில் பற்றிய முறைப்பாடுகளை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஓட்டமாவடி வாசகர்: நானா, காற்றில் அறுந்த கம்பி ஒழுங்கைக்குக் குறுக்கே கிடந்தது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லாததால் எங்கள் இளைஞர்கள் அதை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அதில் பிழை உண்டா?

உண்டு. ஊரில் விளக்கு எரியவில்லை என்பதால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஆகிவிடாது. பழுதின்போது நின்ற லைனைச் சில விநாடிகளில் தானாகவே மீண்டும் இணைக்கும் கருவிகள் உள்ளன. அறுந்த கம்பி உயிருள்ள, அதாவது மின்சாரம் உள்ள, வேறொரு கம்பியில் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கலாம். யாரோ ஒருவரின் வீட்டு ஜெனரேற்றரும் அதற்கு உயிர் கொடுக்கலாம். கண்ணிவெடி அகற்றும் வேலையில், சோதித்து முடிக்கும்வரை எந்த நிலமும் வெடியுள்ள நிலம்தான். லைனிலும் அதே ஒழுங்குதான்: முதலில் நிறுத்துவோம், பிறகு சோதிப்போம், வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் கம்பியை நிலத்தோடு இணைத்து எர்த் போடுவோம், அதன் பின்னரே கை வைப்போம். உங்கள் இளைஞர்களிடம் சோதிக்கும் கருவியும் இல்லை, எர்த்தும் இல்லை. குறைந்தது 10 மீற்றர் தள்ளி நின்று, ஒழுங்கையின் இரு முனையிலும் ஆட்களை மறித்து, மின்தடை முறைப்பாட்டு இலக்கமான 1987 இற்கு அழையுங்கள். தொண்டர் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான்.

காத்தான்குடி கடைக்காரர்: இரு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றால் ஜெனரேற்றரைச் சுவர் பிளக்கில் கொடுக்கிறேன். கடை முழுக்க எரிகிறது. எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்?

எல்லோரும் செய்வதுதான் எங்களைக் கொல்கிறது. நீங்கள் கொடுக்கும் 230 வோல்ட் உங்கள் கடையோடு நின்றுவிடாமல், மீற்றர் வழியாக வெளியேறி, வீதிக் கம்பியில் ஏறி, மின்மாற்றியை அடைகிறது. உயர் அழுத்தத்தைக் குறைத்து உங்களுக்குத் தரும் அதே மின்மாற்றி, எதிர்ப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தால் அதனைத் திரும்ப உயர்த்திவிடும். 33,000 வோல்ட் லைனில் தொங்கும் மின்மாற்றி என்றால் அந்த அளவுக்கே ஏறும். கம்பத்தின் உச்சியில் இருப்பவனுக்கு உங்கள் கடை இருக்கும் திசைகூடத் தெரியாது. உங்களுக்கும் ஆபத்து இருக்கிறது: ஒரு பக்கம் கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முனைகளில் உயிர் இருக்கும். வெளி லைன், ஜெனரேற்றர் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் கடைக்கு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பூட்டுங்கள்.

காரைதீவு வாசகர்: ஐயா மிகைப்படுத்துகிறார். சிறிய ஜெனரேற்றர் ஊரின் சுமையைத் தாங்காமல் அந்தக் கணமே நின்றுவிடுமே.

நல்ல கேள்வி, பல வேளைகளில் நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் புயலில் கம்பி எங்கே அறும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் அறுந்தால், ஊரின் சுமை உங்கள் ஜெனரேற்றரில் ஏறாது. அறுந்து தொங்கும் துண்டு மட்டுமே ஏறும். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அந்தத் துண்டைத்தான் யாரோ ஒரு தொண்டர் மரக்கிளையோடு சேர்த்துத் தூக்குவார்.

வாழைச்சேனை வாசகர்: மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஜெனரேற்றரைக் கொடுத்தால் போதுமல்லவா?

போதாது. மெயினை நிறுத்தினால் வீதிக்கு மின்சாரம் ஏறாதுதான், ஆனால் ஒரு முறை மறந்தால் போதும்; பித்தளை முனைகளின் ஆபத்தும் அப்படியே இருக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்சில் மறதிக்கு இடமில்லை, ஏனெனில் இரண்டு பக்கத்தையும் அது ஒருசேர இணைக்காது.

கல்லடி ஆசிரியை: கூரையில் சோலார் இருந்தும் மின்வெட்டின்போது வீடு இருளாகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, தங்கச்சி. வெளி லைன் நின்றால் அதனோடு இணைந்த இன்வேர்ட்டரும் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) தானாக நின்றாக வேண்டும். அது எங்கள் உயிருக்காக வைத்த விதி. மின்வெட்டுக்காகவும் அமைத்த பற்றரி முறையாக இருந்தால், வெளி லைனிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும்.

நிந்தவூர் வாசகர்: 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருளானதற்கு ஒரு குரங்குதான் காரணமா?

பாணந்துறை உபமின்நிலையத்தில் தொடக்கி வைத்தது குரங்குதான். ஞாயிறு முற்பகலில் மின்தேவை குறைவு, சோலார் அதிகம். அந்த அதிர்வைத் தாங்கும் மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை. அதற்கு மேல் என் துறையன்று.

சம்மாந்துறை வாசகர்: இராணுவ ஓய்வூதியத்தில் ஒரு சிக்கல்.

பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வெல்லாவெளி விவசாயி: அண்ணன், பன்றி ஓர் இரவில் வேளாண்மையை உழுதுவிடுகிறது. வட்டையைச் சுற்றிக் கம்பி கட்டி இரவில் மட்டும் கரண்ட் கொடுக்கிறோம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் மனிதருக்கு ஆபத்தில்லை.

ஈர வயலில் புல்லும் சேறும் தொடும் கம்பி ஓயாமல் மின்சாரத்தைக் கசியவிடும். 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும் சுவிட்ச் ஓர் இரவும் நிற்காது. ஆகவே உங்கள் கம்பி விடியும்வரை உயிரோடு இருக்கிறதென்றால், பெரும்பாலும் அதை ட்ரிப் சுவிட்ச்சுக்கு முன்னாலிருந்து எடுத்திருக்கிறீர்கள், அல்லது அந்தச் சுவிட்ச் பழுது. எப்படியானாலும் கம்பியைத் தொடும் மனிதரை அது காக்காது.

திருக்கோவில் வாசகர்: யானைவேலிக்கும் மின்சாரம்தானே கொடுக்கிறார்கள்? அரசாங்கம் செய்தால் சரி, ஏழை செய்தால் குற்றமா?

யானைவேலியில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அதன் கருவி ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை, மிக மிகக் குறுகிய துடிப்பாகவே அதை அனுப்புகிறது. அடி விழும், தசை விடும், விலங்கு விலகும். வீட்டு மின்சாரமோ இடைவிடாமல் பாய்ந்து கையை இறுக்குவதால், பிடித்தவரால் விட முடியாது. அந்தக் கருவி கடையில் கிடைக்கும், பற்றரியிலும் ஓடும்.

வெல்லாவெளி விவசாயி: வாங்கப் பணம்? இரவில் அடுத்தவன் வட்டைக்குள் வருபவன் களவுக்குத்தான் வருகிறான்.

நட்டம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஒருவர் தனியே வாங்க இயலாவிட்டால், கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து கமநல சேவை நிலையத்தில் பேசுங்கள். களவு என்ற வாதத்தை மட்டும் ஏற்க மாட்டேன். விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போனவர், கட்டாக்காலி மாட்டைத் தேடிப் போனவர், சுவிட்சை நிறுத்த மறந்த வயல்காரர் ஆகியோரின் உடல்களையே நான் கண்டிருக்கிறேன். லைனில் கொக்கி போட்டு எடுத்தால் அது மின்சாரக் களவும் ஆகும்.

அக்கரைப்பற்று வாசகர்: ஜெனரேற்றரை பிளக்கில்...

கூடாது. மேலே இருமுறை எழுதிவிட்டேன்.

கிரான் வாசகி: வெள்ளம் வடிந்ததும் மெயினைப் போடலாமா?

பிளக் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் போட வேண்டாம். சுவர் உலர்ந்திருந்தாலும் குழாய்களுக்குள்ளும் பெட்டிகளுக்குள்ளும் சேறு நிற்கும். மின்னியலாளர் ஒருவர் வயரிங்கைச் சோதித்த பின்னரே மெயினைப் போட்டு, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் அதை முதலில் மாற்றுங்கள். நனைந்த குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டரும் தனித்தனியாகச் சோதிக்கப்படும்வரை பிளக்கில் இருக்கக் கூடாது.