முதல் பிரைம் லென்ஸ்: மேனுவலா, ஆட்டோஃபோகஸா?

பெரம்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கேள்விய சுருக்கி சொல்றேன். "அண்ணா, கைல சோனி ஏ6400, கூட வந்த 16-50 கிட் லென்ஸ், அவ்ளோதான். இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள ஒரே ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்கணும். வீட்ல ரெண்டு வயசு பொண்ணு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறா, வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாம் ப்ளர். ஞாயித்துக்கிழமை மயிலாப்பூர், சௌகார்பேட்டை பக்கம் ஸ்ட்ரீட் எடுப்பேன். தெரிஞ்சவங்க காதுகுத்து, வளைகாப்புன்னு கூப்பிடறாங்க, கொஞ்சம் காசும் வருது. ஃப்ரெண்ட் ஒருத்தன் செவன்ஆர்டிசன்ஸ் 35 எஃப்/1.2 மேனுவல் லென்ஸ் (ஃபோகஸ் ரிங்க கையால திருப்பறது) வாங்குடா, பாதி விலை, லைட்டும் ஜாஸ்தி, மேனுவல்ல எடுத்தாதான் போட்டோகிராஃபியே வரும்னு அடிச்சு சொல்றான். வாங்கலாமா?"

பதில மொதல்லயே சொல்லிடறேன் தம்பி, உங்களுக்கு முதல் லென்ஸ் ஆட்டோஃபோகஸ்தான். சிக்மா 30 எஃப்/1.4 செகண்ட்ஹேண்ட்ல நல்லதா கிடைச்சா அத எடுங்க, இல்லன்னா வில்ட்ராக்ஸ், டிடிஆர்டிசன் ரெண்டு பேருமே இப்போ சோனி மவுன்ட்டுக்கு (பாடில லென்ஸ் மாட்டற எடம்) 35 மி.மீ. பக்கத்துல ஏஎஃப், அதாவது ஆட்டோஃபோகஸ், லென்ஸ் போடறாங்க, புதுசாவே உங்க பட்ஜெட்ல வரும், கடைல கேட்டு பாருங்க. மேனுவல் வேண்டாம்னு சொல்லல, அது ரெண்டாவதா வரட்டும். ஃப்ரெண்ட் சொன்னதுல விலை விஷயம் உண்மை, லைட் விஷயம் அரை உண்மை, அந்த கடைசி டயலாக் இருக்கே, அதுக்கு அப்புறம் வரேன்.

லைட்ட பாப்போம். எஃப் நம்பர் சின்னதானா அப்பர்ச்சர், அதாவது லென்ஸ்ல வெளிச்சம் நுழையற வழி, பெருசு; ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு. உங்க கிட் லென்ஸ் 50-ல வச்சா எஃப்/5.6, அங்கேருந்து எஃப்/1.4 வந்தா நாலு ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம், ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்துல இது பெரிய வித்தியாசம். ஆனா எஃப்/1.4-ல இருந்து எஃப்/1.2 போனா கிடைக்கறது அரை ஸ்டாப் கூட இல்ல. ஐஎஸ்ஓவ, அதாவது சென்சாரோட உணர்திறன, 1600-ல வச்சு எடுத்தத 2000, 2500-ன்னு வச்சா முடிஞ்சுது, உங்க சென்சாருக்கு அது ஒரு விஷயமே இல்ல. அந்த அரை ஸ்டாப்புக்காக ஃபோகஸ் மோட்டாரயே விட்டுக்குடுக்கறது எனக்கு கணக்கு சரியா வரல.

பாப்பா ப்ளர் ஆகறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, இத நிறைய பேர் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. ஒண்ணு ஷட்டர் ஸ்லோவா இருக்கறது, வெளிச்சம் பத்தாம கேமரா 1/30 செகண்டுக்கு இறங்கிடும், பாப்பா கை ஆட்டினா கோடு கோடா வரும். இதுக்கு மருந்து பெரிய அப்பர்ச்சர், ஷட்டர 1/250-க்கு தூக்கிடலாம், மேனுவலோ ஆட்டோவோ எதுவா இருந்தாலும் சரி. இன்னொண்ணு ஃபோகஸே வேற இடத்துல விழறது. இங்கதான் பிரச்சனை. 35 மி.மீ. லென்ஸ எஃப்/1.2-ல வச்சு ஒரு மீட்டர் தூரத்துல இருக்கறவங்கள எடுத்தீங்கன்னா ஷார்ப்பா இருக்கற ஆழம் சுமாரா நாலு சென்டிமீட்டர்தான், கண்ணுல ஃபோகஸ் வச்சா காது போயிடும், நீங்க மூச்சு விடறதுல உடம்பு முன்னாடி பின்னாடி ஆடறதே அதுல பாதிய தின்னுடும், அப்போ எதிர்ல இருக்கறது ஓடற குழந்தைன்னா ரிங்க திருப்பி கண்ணுல கொண்டு வந்து அமுக்கறதுக்குள்ள அவ கிச்சனுக்கு போயிருப்பா. சரி, ஆழம் வேணும்னு எஃப்/4-க்கு இறக்குவீங்க. இறக்கினா எஃப்/1.2 எதுக்கு வாங்கினோம்?

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா நீங்க வச்சிருக்கறது ஏ6400. 2019-ல அது வந்தப்போ எல்லாரும் பேசினதே அந்த ரியல்-டைம் ஐ ஏஎஃப் (கண்ண தானா தேடி ஃபோகஸ் பண்றது) பத்திதான், 425 ஃபேஸ் டிடெக்ட் ஃபோகஸ் பாயின்ட், ஷட்டர அரை அமுக்கு அமுக்கினா கண்ண புடிச்சுக்கிட்டு விடாது. அதுக்குத்தான் காசு குடுத்திருக்கீங்க. கேமராவோட பேசற கான்டாக்ட் பின் இல்லாத மேனுவல் லென்ஸ மாட்டினா அது மொத்தமும் தூங்கிடும்.

அடுத்தது காசு வாங்கற ஃபங்ஷன். காதுகுத்துல ஆசாரி குத்தற அந்த ஒரு செகண்ட், குழந்தை மூஞ்சி மாறுது, தாய்மாமன் மடில துள்ளுது, அத திரும்ப பண்ணுங்கன்னு கேக்க முடியுமா? வளைகாப்புல வளையல் போடறப்போ கூட கொஞ்சம் கைய அப்படியே வச்சிருங்கன்னு சொல்லலாம், காதுகுத்துல வாய்ப்பே இல்ல. காசு வாங்கிட்டு எடுக்கற எடத்துல நம்ம ரசனைக்காக ரிஸ்க் எடுக்கறது நியாயம் இல்ல, என் கருத்து அவ்ளோதான். கல்யாண போட்டோகிராஃபர்ஸ் மேனுவல் லென்ஸ் பயன்படுத்தறதில்லையான்னா பயன்படுத்தறாங்க, ஆனா ரெண்டாவது பாடில, கப்புள் ஷூட்ல, நில்லுன்னா நிக்கற ஆளுங்கள வச்சு. முகூர்த்த நேரத்துல இல்ல.

பட்டுப்புடவை ஃபங்ஷன்ல இன்னொரு சிக்கல் இருக்கு. மேனுவல் ஃபோகஸ் ஈஸி, பீக்கிங் இருக்கேன்னு சொல்வாங்க, அதாவது ஃபோகஸ்ல இருக்கற ஓரங்கள கேமரா கலர் அடிச்சு காட்டும். ஆனா பீக்கிங் உண்மைல பாக்கறது கான்ட்ராஸ்ட்தான், ஜரிகை பார்டர் ஜிமிக்கி நெத்திச்சுட்டி எல்லாம் லேசா ஃபோகஸ் தப்பியிருந்தாலும் பளபளன்னு கலர் அடிச்சிடும், மூஞ்சில சாஃப்ட் லைட் விழுந்திருந்தா அங்க ஒண்ணுமே காட்டாது, நீங்க புடவைய ஷார்ப்பா எடுத்துட்டு வந்து வீட்ல கம்ப்யூட்டர்ல பாத்து நொந்துக்குவீங்க. அரக்கு கலர் புடவைக்கு பீக்கிங்க சிவப்புல வச்சா கண்ணுக்கே தெரியாது, வெள்ளைக்கு மாத்துங்க. அதுக்கும் மேல, எஃப்/1.2, 1.4-ல பீக்கிங் நிஜமா ஷார்ப்பா இருக்கறத விட அகலமா காட்டும், அத நம்பாதீங்க, மேக்னிஃபை பண்ணி கண்ண பெருசாக்கி பாத்து வைக்கறதுதான் ஒரே வழி, அதுக்கு எதிர்ல இருக்கறவங்க நிக்கணும்.

அப்போ மேனுவல் எங்க ஜெயிக்கும்? இடம் இருக்கு, நல்ல இடமாவே இருக்கு.

உங்க ஸ்ட்ரீட்டயே எடுத்துக்கோங்க. வடக்கு மாட வீதில கூட்டத்துல நடந்துக்கிட்டே எடுக்கறப்போ ஃபோகஸ் பண்ணாம எடுக்கற ஒரு முறை இருக்கு, ஸோன் ஃபோகஸிங்னு பேரு. 25 மி.மீ. மேனுவல் லென்ஸ எஃப்/8-ல வச்சு, தூரத்த ரிங்ல ரெண்டு மீட்டர்ல நிறுத்திட்டா உங்க சென்சார் சைஸுக்கு ஒண்ணேகால் ஒண்ணரை மீட்டர்ல இருந்து நாலு மீட்டர் வரைக்கும் எல்லாமே ஓரளவு ஷார்ப். ரிங்க தொடவே வேண்டாம், ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ, கண்ணு மட்டும் ஆளுங்க மேல. ஏஎஃப் யார புடிக்கறதுன்னு யோசிக்கற அந்த நேரம் கூட இதுல கிடையாது, பூக்காரம்மாவ குறி வச்சா முன்னாடி குறுக்க போற ஸ்கூட்டர புடிச்சுக்கற வேலையும் நடக்காது. 35 மி.மீ.ல இது கொஞ்சம் டைட், எஃப்/8-ல மூணு மீட்டர்ல வச்சா ரெண்டு மீட்டர் சொச்சத்துல இருந்து அஞ்சு மீட்டருக்கு கிட்ட வரைக்கும் வரும். ஏஎஃப் லென்ஸ்லயும் பண்ணலாம்தான், ஆனா உங்க பட்ஜெட்ல வர்ற ஏஎஃப் லென்ஸ் பெரும்பாலும் மேல தூர அளவு அச்சடிச்சு வராது, நீங்களா ஒரு எடத்த ஃபோகஸ் பண்ணி எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸ்) மாத்தி வச்சுக்கணும், நடுவுல கேமரா ஆஃப் ஆனா திரும்ப முதல்லேருந்து.

அப்புறம் மார்கழி கச்சேரி. பாடறவங்க மேடைல ஒரே எடத்துல உக்காந்திருப்பாங்க, வாய்க்கு நேரா மைக், ஏஎஃப் அடிக்கடி மைக்க புடிக்கும், கை தூக்கி தாளம் போட்டா கைய புடிக்கும். ஆளு நகரப்போறதில்ல, ஒரு தடவை மேக்னிஃபை பண்ணி கண்ணுல வச்சுட்டா ரெண்டு பாட்டு ஓடும். அனுமதி வாங்கிட்டு எடுங்க, சத்தம் வராத ஷட்டர்ல எடுங்க, அது வேற விஷயம். பூச்சி, பூ மாதிரி மேக்ரோல எல்லாரும் ரிங்க தொடாம உடம்ப முன்ன பின்ன நகத்தித்தான் எடுப்பாங்க, அங்கயும் மோட்டாரால பெரிய லாபம் இல்ல. ஜவ்வாது மலைக்கு போய் நட்சத்திரம் எடுக்கறதுன்னாலும் மேனுவல்தான், ஒரே ஒரு எச்சரிக்கை, இன்ஃபினிட்டி குறி வரைக்கும் திருப்பி விட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க, நிறைய லென்ஸ் அத தாண்டியும் திரும்பும், பிரகாசமான ஒரு நட்சத்திரத்த பெருசாக்கி சின்னப் புள்ளியா வர்ற வரைக்கும் நகத்துங்க.

வீடியோன்னா பாதி பாதி. பாப்பா பின்னாடி ஓடி ரீல்ஸ் எடுக்க, கிம்பல்ல (ஆட்டம் குறைக்கற கைப்பிடி) வச்சு நடக்க ஏஎஃப். சாப்பாடு, பொருள், டேபிள் மேல வச்சு எடுக்கற ஷாட்ல ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மெதுவா ஃபோகஸ் போகணும்னா மேனுவல் ரிங் சுகம், ஒரே அளவு திருப்பினா ஒரே அளவு போகும்.

இப்போ அந்த "மேனுவல்ல எடுத்தாதான் வரும்" டயலாக். தூரத்த கண்ணால அளக்க, ஆழம் எவ்ளோ வரும்னு மனசுல கணக்கு போட மேனுவல் கத்துக்குடுக்கும், ஒத்துக்கறேன். ஆனா வெளிச்சம் எங்கேருந்து வருது, எப்போ அமுக்கணும், ஃப்ரேம்ல எத விடணும், இது எதையும் ஃபோகஸ் ரிங் சொல்லித் தராது, போட்டோகிராஃபில முக்கால்வாசி அதுதானே. வெளையாட்டுக்கு கத்துக்கறது நல்லது, முதல் லென்ஸ்ல பொண்ணோட ரெண்டு வயச பணயம் வச்சு கத்துக்க வேண்டாம்.

கத்துக்க செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. கிட் லென்ஸ எம்எஃப்-ல போட்டு பழகலாம்னு தோணும், அதுல ருசி தெரியாது, அந்த ரிங் கண்ணாடிய நேரா நகத்தறதில்ல, மோட்டாருக்கு சிக்னல்தான் அனுப்புது, எங்கயும் முட்டி நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு பதிலா வீட்லயோ சொந்தக்காரங்க வீட்லயோ பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் இருக்கான்னு கேளுங்க, பென்டாக்ஸ், நைகான், மினோல்டா எதுவா இருந்தாலும் பெரும்பாலும் ஒரு 50 மி.மீ. கூட இருக்கும். ஹாட் ஷாட் கேமரா மாதிரி லென்ஸ் கழட்ட முடியாததுன்னா பிரயோஜனம் இல்ல. உங்களோடது மாதிரி மிர்ரர்லெஸ் கேமராவுல, எஸ்எல்ஆர்ல இருக்கற முகம் பாக்கற மாதிரி கண்ணாடி வச்ச பெட்டி இல்லாததால மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல தூரம் கம்மி, சோனி இ மவுன்ட்ல 18 மி.மீ., நைகானோட பழைய எஃப் மவுன்ட்ல 46.5 மி.மீ., அந்த வித்தியாசத்த ஒரு வெறும் உலோகக் குழாய் அடாப்டர் நிரப்பிடும், உள்ள லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்ல. உங்க சென்சார் ஃபிலிம விட சின்னதுங்கறதால 50 உங்க பாடில 75 மாதிரி தெரியும், போர்ட்ரெய்ட்டுக்கு ஜோர்.

மாட்டினதும் ஷட்டர் அமுங்கலன்னா பயந்துடாதீங்க. மெனுல லென்ஸ் இல்லாம ரிலீஸ் பண்றதுக்கு ஒரு செட்டிங் இருக்கும், அத எனேபிள் பண்ணணும். டயல எம்-ல (முழு மேனுவல்) வைக்கணும்னு அவசியம் இல்ல, ஏ (அப்பர்ச்சர் ப்ரையாரிட்டி) மோடே நல்லா வேலை செய்யும், அப்பர்ச்சர லென்ஸ்ல திருப்புங்க, ஷட்டர கேமரா பாத்துக்கும். ரிங்க திருப்பினா தானா பெருசாகற வசதி கான்டாக்ட் இல்லாத லென்ஸ்ல வராது, அதனால ஃபோகஸ் மேக்னிஃபையர ஒரு கஸ்டம் பட்டன்ல போட்டுக்கோங்க. வ்யூஃபைண்டர் பக்கத்துல இருக்கற சின்ன டயாப்டர் சக்கரத்த வ்யூஃபைண்டர் தெளிவா தெரியற வரைக்கும் உங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கோங்க, கண்ணாடி போடறவங்க இத விட்டுட்டு லென்ஸ திட்டுவாங்க. ஏ6400-ல வ்யூஃபைண்டர் இருக்கறது உங்க அதிர்ஷ்டம், இசட்வி-இ10 வச்சிருக்கறவங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மெரினா வெயில்ல பின் ஸ்க்ரீன பாத்து மேனுவல் ஃபோகஸ் பண்ணி பாத்தா புரியும். உங்க பாடில ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த சரிகட்டற வசதி) இல்லைங்கறதையும் மறக்காதீங்க, 50-ல 1/100-க்கு கீழ இறங்க வேண்டாம்.

பழைய லென்ஸ காசு குடுத்து வாங்கறதா இருந்தா நம்ம ஊர் ஈரத்த மனசுல வச்சு பாருங்க. அப்பர்ச்சர முழுசா தொறந்து, போன் டார்ச்ச பின்னாடி அடிச்சு, முன்னாடி இருந்து சாய்ச்சு பாத்தா வேர் மாதிரி, சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது ஃபங்கஸ், விலை எவ்ளோ குறைச்சாலும் விட்டுடுங்க, க்ளீன் பண்ற செலவு லென்ஸ் விலைய தாண்டிடும். அப்பர்ச்சர் ப்ளேட்ல எண்ணெய் பளபளப்பு இருக்கா, ரிங் ஒரே சீரா திரும்புதா, மண்ணு மாதிரி நறநறங்குதான்னு பாருங்க, பீச்ல புழங்கின லென்ஸ்னா அது வரும். அடாப்டர முன்னாடியே வாங்கி வைக்காதீங்க, லென்ஸ் எந்த மவுன்ட்னு உறுதியானப்புறம் வாங்கிக்கலாம்.