ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விட மாட்டேங்குறார்! – வாசகர் கேள்வி பதில்

மழை முடிஞ்சு போகி நெருங்குதுல்ல, அதான் எல்லாருக்கும் கை அரிக்குது போல, இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல வீட்டை மாத்தி வைக்கிறது பத்தின கேள்விதான். ஆறு மட்டும் எடுத்திருக்கேன்.

சென்னையில வாடகை ஃபிளாட், ஹால் பத்துக்குப் பத்து. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு ஓனர் கறாரா சொல்லிட்டார். சுவரெல்லாம் மொட்டையா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம் அக்கா?
– வாசகி, குரோம்பேட்டை

நானும் பதினோரு வருஷம் வாடகை வீட்டுல இருந்தவதான், அந்த வலி தெரியும். எல்லாரும் உடனே ஒட்டுற ஹூக் வாங்குங்கன்னு சொல்வாங்க, அதுல ஒரு சிக்கல் இருக்கு. சுவத்துல கையை வச்சு ஒரு தேய்ப்பு தேய்ச்சுப் பாருங்க, உள்ளங்கையில வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுச்சுன்னா அது சுண்ணாம்பு இல்லன்னா டிஸ்டெம்பர், அதுல ஹூக் நிக்காது, நின்னாலும் எடுக்கும்போது பெயின்டோட பேத்துக்கிட்டு வந்துடும், அப்புறம் அட்வான்ஸ்ல கை வைப்பாங்க. டைல்ஸ், கண்ணாடி, பீரோ கதவு இந்த மாதிரி வழவழப்பான இடத்துல மட்டும் ஒட்டுங்க.

நம்ம வீட்டு ஸ்டீல் பீரோவை யாருமே சுவரா நினைக்கிறதில்ல, எனக்கு அதுல ஆச்சரியம்தான். காந்தம் ஒட்டும்ல? நாலு காந்த ஹூக் வாங்கி பீரோவோட பக்கவாட்டுல மாட்டுனா சாவி, குடை, பசங்க வரைஞ்ச படம் எல்லாத்துக்கும் இடம் ஆச்சு. படங்களை மாட்டணும்னு அவசியமும் இல்ல, ஒரு நீளமான பெஞ்சு இல்லன்னா பழைய டிரங்குப் பெட்டி மேல பெருசும் சின்னதுமா சுவத்துல சாய்ச்சு வச்சுப் பாருங்க, அழகாவே இருக்கும். திரைக்கு ஸ்பிரிங் ராட்னு கடையில கேளுங்க, ஜன்னல் ஃபிரேமுக்குள்ளேயே இறுக்கிப் பிடிச்சு நிக்கும், டிரில்லிங் வேண்டாம், ஆனா கனமான திரை தாங்காது, காட்டன் போதும்.

தரையையும் மறந்துடாதீங்க. பத்துக்குப் பத்து ஹால்ல சோபா செட் போட்டீங்கன்னா நடக்குற இடம் போச்சு. ஒரு பவானி ஜமுக்காளம் விரிச்சு நாலு திண்டு போடுங்க, அந்தப் பட்டைப் பட்டைக் கலர் இருக்கே, அது ஒண்ணே மொட்டைச் சுவத்தை மறக்க வச்சுடும். நல்ல தறி ஜமுக்காளம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அழுக்கானா திருப்பிப் போட்டுக்கலாம், விருந்தாளி வந்தா படுக்கவும் ஆச்சு.

மாமியார் எதையுமே தூக்கிப் போட விடமாட்டேங்குறாங்க. பரண், கட்டிலுக்கு அடியில, பீரோ மேலனு எங்க பார்த்தாலும் சாமான். வீடு குடோன் மாதிரி இருக்கு!
– பேர் வேண்டாம்னு எழுதின வாசகி, திருப்பூர்

பேர் வேண்டாம்னு சொன்னதுலயே பாதி கதை புரிஞ்சுடுச்சு. தூக்கிப் போடுங்க அத்தைன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அந்தச் சொல்லுக்கே வீடு ரெண்டாயிடும். அவங்க சாமானை விட்டுட்டு முதல்ல உங்க சாமானை இறக்குங்க. உங்க கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட், அட்டைப் பெட்டியோட கிடக்குற மூணாவது ஹாட்பாக்ஸ், டிவி வாங்கின பெட்டி (வாரன்ட்டி முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு?). அது கிளம்புறதை அவங்க பார்க்கட்டும். அப்புறம் ஒரு நாள் எவர்சில்வர், பித்தளையெல்லாம் இறக்கி அவங்க பக்கத்துல உக்காந்து, எதெல்லாம் வேணும்னு அவங்களையே எடுக்கச் சொல்லுங்க. மிச்சத்தை பாத்திரக்கடையில எடை போட்டுப் புதுசா மாத்திக்கலாம்னு சொல்லிப் பாருங்க. வீசுறதுதான் அவங்களுக்கு ஆகாது, மாத்துறதுக்கு பெரும்பாலும் சரின்னுடுவாங்க.

உருளி, குத்துவிளக்கு, பழைய கூஜா இதையெல்லாம் மட்டும் கொடுத்துடாதீங்க ப்ளீஸ். புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு ஹால்ல வச்சா கடையில ஆயிரக்கணக்குல கொடுத்து வாங்குற ஷோபீஸெல்லாம் பக்கத்துல நிக்காது, அவங்க சாமான் பரண்ல இருந்து ஹாலுக்கு வந்துச்சுன்னா அடுத்த மூட்டையை அவங்களே அவிழ்ப்பாங்க பாருங்க.

பட்டுப்புடவை மூட்டை இருந்தா தனியா எடுத்து வைங்க. பிளாஸ்டிக் கவர்ல இருக்க வேண்டாம், பழைய வெள்ளை வேட்டியில சுத்துங்க, அந்துருண்டை நேரா சரிகையில படக்கூடாது, வசம்பைத் துணியில முடிஞ்சு ஓரத்துல போட்டாலே போதும். மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்தி மடிக்கணும், இல்லன்னா சரிகை அந்த மடிப்புலயே ஒடிஞ்சுடும்.

பெட்ரூம் சுவத்துல ஓதம் அடிச்சு பெயின்ட் உரியுது. ஆன்லைன்ல ஒட்டுற வால்பேப்பர் விக்குதே, அதை ஒட்டி மறைச்சுடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் வினைல், காத்து போகாது, உள்ள ஈரம் தங்கி பின்னாடி பூஞ்சை பிடிச்சு கொஞ்ச நாள்ல ரூமே ஒரு வாடை அடிக்கும். ஈரம் எங்க இருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரை வெட்டி அந்தச் சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க, ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. கவருக்கு உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவத்துக்குள்ள இருந்து வருது, பின்னாடி பாத்ரூம் பைப்பையும் மொட்டைமாடி தண்ணி போற வழியையும் பார்க்கணும். வெளிப்பக்கம் நின்னா ரூம்ல காத்தோட்டம் இல்ல, பீரோவைச் சுவத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி வச்சு ஜன்னலைத் திறந்து விட்டாலே பாதி சரியாகும்.

கசிவை அடைச்சப்புறமும் உடனே பெயின்ட் அடிக்காதீங்க. வெயில் காலத்துல நல்லா காய விட்டு, பூத்திருக்குற உப்பைச் சுரண்டி எடுத்துட்டு அப்புறமா பட்டி, பிரைமர். எங்க வீட்டுல ஒரு தடவை அவசரப்பட்டு கார்த்திகை மாசத்துலயே அடிச்சோம், தை மாசம் அப்பளம் மாதிரி பொரிஞ்சு வந்துச்சு. கூலி போனதுதான் மிச்சம்.

ரெடிமேட் திரை வாங்குனா எப்பவும் குட்டையா போயிடுது. என்ன அளவு கேக்கணும்?
– வாசகி, மதுரை

கடையில பெரும்பாலும் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நீளமா வேணும்னா 9 அடின்னு மூணு உயரம் இருக்கும், அகலம் 4 அடி. நீங்க ஜன்னலை அளந்துட்டு 5 அடி வாங்கியிருப்பீங்க, திரை மாட்டுற கம்பி ஜன்னலுக்கு மேல இருக்கும்ல, அந்த அரை அடியை மறந்திருப்பீங்க. கம்பியில இருந்து அளங்க. சின்ன ரூம்னா கம்பியை இன்னும் மேல ஏத்தி, ஜன்னலா இருந்தாலும் தரை வரைக்கும் எட்டுற நீளத்தையே வாங்கி விடுங்க, கூரை உயரமா தெரியும். அகலம் ஜன்னலைவிட ஒன்றரை மடங்காவது இருக்கணும், இல்லன்னா சுருக்கம் விழாம வேட்டி காயப்போட்ட மாதிரி தொங்கும். காட்டன்னா ஒரு தடவை நனைச்சா சுருங்கும், அதுக்கும் நாலு விரக்கடை சேர்த்துக்கோங்க.

புதுசா பெயின்ட் அடிச்சும் ராத்திரி ஆனா ஹால் டல்லா, முகமெல்லாம் வெளிறித் தெரியுது. ஏன்?
– வாசகி, திருச்சி

லைட்டைப் பாருங்க. பல்ப் அட்டையில 6500கேன்னு (K, வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற எண்) போட்டிருக்கும், அது நீல வெள்ளை. 3000கே வாங்குங்க, மஞ்சள் கலந்த வெளிச்சம், விலையும் கிட்டத்தட்ட அதேதான். படிக்கிற மேஜைக்கும் கிச்சனுக்கும் மட்டும் 4000கே. பெயின்ட் கலர் பார்க்கிறதே ராத்திரி அந்த வீட்டு லைட்ல பார்க்கணும், கடை வெளிச்சத்துல பார்த்து வாங்குனா இப்படித்தான் ஆகும்.

அப்பா போன வருஷம் தவறிட்டார். அம்மா தஞ்சாவூர் பக்கம் ஊர்ல தனியா இருக்காங்க, 74 வயசு. அவங்க ரூமை டைல்ஸ் போட்டு, புதுக் கட்டில் எல்லாம் வாங்கி சர்ப்ரைஸா மாத்திக் கொடுக்கணும்னு ஆசை. ஐடியா சொல்லுங்க.
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, சர்ப்ரைஸ் மட்டும் வேண்டாம். ராத்திரி இருட்டுல எழுந்து கண்ணை மூடிக்கிட்டே பாத்ரூம் போற வழி அவங்க காலுக்குத் தெரியும், நீங்க கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டா அந்தக் கால் எங்க போய் இடிக்கும்னு யோசிங்க. அம்மாகிட்ட கேளுங்க, ரெண்டு மூணு தடவை கேளுங்க, முதல் தடவை ஒண்ணும் வேணாம்ப்பான்னுதான் சொல்வாங்க.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுன்னா தரை சிவப்பு ஆக்சைட் சிமென்ட்டாதான் இருக்கும்னு நினைக்கிறேன். இருந்தா உடைக்காதீங்க. காலுக்குக் குளுகுளுன்னு இருக்கும், வருஷம் ஆக ஆக பளபளப்பு ஏறும், பாலிஷ் பண்ண டைல்ஸ்ல தண்ணி சிந்துச்சுன்னா வயசானவங்களுக்கு ஆபத்து. அந்தக் காலத்துல எண்ணெய் தொட்டுத் தேய்ப்பாங்க, இப்ப அது வேண்டாம், தண்ணியில துடைச்சாலே போதும். தனியா விரிக்கிற மிதியடி, சின்னக் கார்ப்பெட் எதுவும் வாங்கிட்டுப் போகாதீங்க, தடுக்கும்.

செலவு பண்ணணும்னா இதுல பண்ணுங்க: கட்டில்ல உக்காந்தா பாதம் ரெண்டும் தரையில முழுசா பதியணும், பழைய கட்டில் ரொம்ப உயரம்னா காலைக் கொஞ்சம் அறுத்தா போச்சு, புதுசு வேண்டாம். படுத்துக்கிட்டே எட்டுற மாதிரி தலைமாட்டுல ஒரு சுவிட்ச், பாத்ரூம் வழியில அரை வாட் நைட் லேம்ப், பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி. சுவத்துக்கு வெளிர் மஞ்சளோ சந்தனக் கலரோ, அவங்களே கை காட்டட்டும். அப்பாவோட ஈஸி சேர் அந்த ரூம்ல இருந்துச்சுன்னா அதைப் பத்தி நீங்களா முடிவு எடுக்காதீங்க. காலண்டரும் இருக்குற ஆணியிலயே இருக்கட்டும், காலையில எழுந்து போய் தேதி கிழிக்கிற இடம் அது.

பெயின்ட் அடிக்கிற அன்னைக்கும் அதுக்கு அடுத்த ரெண்டு நாளும் அம்மாவை கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, அந்த வாசனை அவங்களுக்கு ஆகாது.