பனியே பார்க்காத சேலத்துக்காரருக்குக் குளிர்கால ஒலிம்பிக் வீரர்களிடமிருந்து என்ன ஊக்கம் கிடைக்கும்?

குரூப் 4 தேர்வு மறுபடியும் கைநழுவிப் போனது, திரும்பப் படிக்க மனம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பதக்கம் வென்றவர்களை விடுங்கள், சிவ கேசவனைப் பாருங்கள் என்பேன்.

மணாலிக்காரர். அவருடைய விளையாட்டு லூஜ். சின்ன சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, காலை முன்னே நீட்டியபடி, பனிக்கட்டிப் பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டி வேகமெடுத்து இறங்க வேண்டும். பிரேக் கிடையாது. கெண்டைக்காலால் அழுத்தியும் தோளைச் சாய்த்தும்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். இதற்கான செயற்கைப் பாதை இந்தியாவில் இல்லை. அதனால் வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டி, லாரிகள் ஓடும் இமயமலைச் சாலையிலேயே பயிற்சி எடுத்தார். நம் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் தரையோடு படுத்து இறங்குவதை நினைத்துப் பாருங்கள்; எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

1998 முதல் 2018 வரை 6 ஒலிம்பிக். அங்கே ஒரு பதக்கமும் இல்லை. ஆனால் ஆசிய சாம்பியன் ஆனார்.

வசதி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். கோச்சிங் சென்டருக்குப் பணம் இல்லையா, சரி, சேலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

அப்புறம், வீடியோ பார்த்து வரும் சிலிர்ப்பு மறுநாளே அடங்கிவிடும். லூஜ் வீரர்கள் பாதையை ஒவ்வொரு வளைவாகப் பிரித்துப் பழகுவார்கள். நீங்களும் போன தேர்வில் எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று பார்த்து, முதலில் அதை மட்டும் எடுங்கள்.