ஏரியில் ஓட்டச் சின்ன மோட்டார் படகு வாங்கலாமா, பராமரிப்பு ரொம்பக் கஷ்டமா?

வாங்கலாம், தாராளமாக வாங்குங்கள். பழைய படகு, பின்னால் மாட்டுகிற பெட்ரோல் அவுட்போர்டு என்ஜின், விடுமுறை நாளில் பிள்ளைகளோடு ஏரியில் ஒரு சுற்று, இதற்கு என்ன பராமரிப்பு வேண்டும், விபத்து வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் "ஏரிதானே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே" என்று ஒரு வரி இருக்கிறது, அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 12 வருடமாகப் படகு வைத்திருக்கிறேன். நான் மாட்டிக்கொண்ட ஒவ்வொரு தடவையும் கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

முதல் வருடம் நடந்தது. படகின் பின்பக்கச் சுவரில், அடியோடு அடியாக ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே தேங்குகிற மழைத்தண்ணீர் வடிவதற்காக, டிரெய்லரில் நிற்கும்போது அதன் டிரெயின் பிளக்கைக் கழற்றி வைப்போம். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். இறக்கிக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய், பிள்ளைகள் நீந்தட்டும் என்று என்ஜினை அணைத்தேன். சில நிமிடத்தில் சின்னவள் "அப்பா, கால் நனையுது" என்றாள். ஒரு அங்குல ஓட்டை தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் போல உள்ளே வரும், பத்து நிமிடத்தில் 400 கிலோ எடை கூடிவிடும். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "நிக்காதீங்க தம்பி, எல்லாரையும் ஜாக்கெட் போடச் சொல்லிட்டு நேரா கரைக்கு விடுங்க" என்று கத்தினார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது: படகு வேகமாக ஓடும்போது அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறுவது குறையும், நின்றால்தான் நிரம்பும். அன்றிலிருந்து பிளக்கைக் கழற்றினால் படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டித்தான் வைக்கிறேன். பிளக் கைக்கு வராமல் சாவி கைக்கு வராது.

அப்புறம் இம்பெல்லர். உங்கள் என்ஜினில் நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு பாகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவுட்போர்டு என்ஜின் ஏரித் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. உறிஞ்சுவது கீழ்ப்பகுதியில் இருக்கிற, ரப்பர் இறக்கைகள் வைத்த ஒரு சின்னச் சக்கரம். பக்கவாட்டில் ஒரு துளையிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அது வந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்ததும் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் மசகு, அதனால் தரையில் நிற்கும்போது தண்ணீர்க் குழாயை மாட்டாமல் "சும்மா ஒரு தடவை" என்று ஸ்டார்ட் செய்தால்கூட இறக்கைகள் கருகிவிடும்.

ஒரு நாள் தாரை மெலிந்திருந்ததைப் பார்த்தும் பரவாயில்லை என்று போய்விட்டேன். ஏரி நடுவில் சூடு எச்சரிக்கை மணி அடித்தது, அணைத்தேன், காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. நங்கூரம் இருந்தது, ஆனால் கயிறு மூட்டைகளுக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. அதை இழுத்து எடுப்பதற்குள் பட்ட பதற்றம் இன்னும் மறக்கவில்லை. நங்கூரம் எப்போதும் முன்பக்கத்தில், உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும், கயிறு ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு வேண்டும். பின்பக்கத்தில் கட்டவே கட்டாதீர்கள், என்ஜின் எடையில் அந்தப் பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், கயிறும் சேர்ந்து பிடித்து இழுத்தால் அலை சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

கரைக்கு வந்து பம்ப்பைப் பிரித்தபோது இம்பெல்லரில் இரண்டு இறக்கை இல்லை. புதுசு மாட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிய்ந்த துண்டுகள் மேலே போய்த் தண்ணீர்ப் பாதையில் அடைத்துக்கொள்ளும், அவற்றைத் தேடி எடுக்காவிட்டால் புது இம்பெல்லரோடும் என்ஜின் சூடாகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, பிய்வதற்கு முன்பே மாற்றிவிடுவது எவ்வளவோ மேல்.

என்ஜினின் கீழ்ப்பகுதியில் இருக்கிற கியர் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வடிக்கும்போது பால் கலந்த மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏரியில் இதற்குப் பெரும்பாலும் காரணம் தூண்டில் நரம்பு, படகைத் தள்ளுகிற விசிறியான புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். அதனால் ஆயில் மாற்றும்போது புரொப்பல்லரையும் கழற்றிப் பாருங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை விட வேண்டும், மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விடாதீர்கள். எத்தனால் கலந்தது ஈரத்தை இழுத்து, கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள். கையில் தூக்குகிற டாங்க் என்றால் கரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கிவிடும், ஒரு பொறி போதும்.

இதெல்லாம் பொருள் நஷ்டம். ஆள் நஷ்டம் வருகிற இடம் வேறு, அங்கேதான் கெஞ்சிக் கேட்கிறேன். ஓட்டுகிறவர் கில் சுவிட்ச் கயிற்றை, அதாவது ஆள் விழுந்தால் இழுபட்டு என்ஜினை அணைக்கிற கயிற்றை, உடம்பில் மாட்டாமல் கிளம்பக் கூடாது. டில்லரை, அதாவது என்ஜினைத் திருப்புகிற கைப்பிடியை, பிடித்து ஓட்டுகிற சின்னப் படகில் ஆள் தவறி விழுந்தால் என்ஜின் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அதேபோல் நீந்துகிறவர்கள் ஏணிக்கு வரும்போது நியூட்ரலில் போட்டால் போதாது, என்ஜினை அணைத்துவிடுங்கள். யாருடைய முழங்கையாவது லீவரில் பட்டால் புரொப்பல்லர் சுற்ற ஆரம்பித்துவிடும். பின்பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க என்ஜின் ஓடவே கூடாது, புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. சரி, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, என் பிள்ளைகள் நீந்தும்போது சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

படகுக்கு பிரேக் இல்லை என்பதையும் முதல் மாதமே பழகிக்கொள்ளுங்கள். துறையை நெருங்கும்போது பயந்து த்ராட்டிலை முழுக்கக் குறைத்தால் ஸ்டீயரிங்கும் போய்விடும், ஏனென்றால் புரொப்பல்லர் தள்ளுகிற தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. வேகமாக வந்து சடாரென்று நிறுத்தினால் நம் படகு எழுப்பின அலையே பின்னால் வந்து உள்ளே ஏறும்.

பழைய படகு பார்க்கப் போகும்போது, நீங்கள் வருவதற்கு முன்னால் என்ஜினை ஓட்டவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், ஆறின என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். கியர் ஆயில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சொட்டு காட்டச் சொல்லுங்கள். கடலில் ஓடின படகு என்றால் அரிமானத் தடுப்புக்குத் துத்தநாகக் கட்டி மாட்டியிருப்பார்கள், நன்னீரில் அது மேலே படலம் கட்டிச் சும்மா இருந்துவிடும், மக்னீசியக் கட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிரெய்லர் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் அதன் பேரிங்கைச் சரிசெய்த பிறகுதான் வீட்டுக்கு இழுத்து வர வேண்டும்.